பழைய பிக்கப்பில் டீசல் முள் தப்பாகக் காட்டுகிறதா? டேங்கைக் கடைசியில் திறங்கள்

டீசல் முள் சரியில்லை என்றதும் முதலில் எல்லாரும் ஓடுவது ஸ்பேர்ஸ் கடைக்குத்தான். மிதவை வைத்து டீசல் மட்டத்தை மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டைப் புதிதாக வாங்கி, டேங்கை இறக்கி, மாட்டி, திரும்ப ஏற்றுவார்கள். சாவியைத் திருப்பினால் முள் பழைய இடத்திலேயே நிற்கும். ஒரு நாள் வேலையும் போச்சு, காசும் போச்சு.

மீட்டரிலிருந்து டேங்க் வரை நாலு இடத்தில் கோளாறு வரலாம்: மீட்டர், ஒயர், எர்த் (சேஸ் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு), டேங்க் யூனிட். இதில் மூன்றை டேங்கைத் தொடாமலேயே பார்த்துவிடலாம். அந்த மூன்றையும் முடித்துவிட்டுத்தான் டேங்குக்கு வர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. தாண்டிப் போகாதீர்கள்.

பழைய பொலேரோ பிக்கப், டாடா 207, குட்டி யானை போல முள் வைத்த மீட்டர் உள்ள டீசல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கோடு கோடாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டருக்குச் சில படிகள் பொருந்தாது.

முள் தப்பாகக் காட்டினால் என்ன, கிலோமீட்டர் பார்த்து ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் இருந்தேன். பலமநேரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு குடியாத்தம் தாண்டி வரும்போது, பள்ளிகொண்டாவுக்கு முன்னால் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி நின்றது. முள் கால் டேங்க் என்று காட்டியது, உள்ளே டேங்க் காலி. டீசல் வண்டியில் டேங்க் வற்றினால் கேன் டீசல் ஊற்றியதும் ஓடாது. லைனில் காற்று ஏறிவிடும். பிரைமர் என்ற கைப்பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். உயர் அழுத்தப் பம்ப் உள்ள காமன் ரயில் வண்டி என்றால் இன்னும் மோசம். அந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய் மாதிரி, காய்ந்து ஓடினால் உள்ளே தேயும். அன்றைக்குச் சந்தை நேரம் தப்பியது.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஓம், டிசி வோல்ட் இரண்டும் அளந்தால் சரி.

ஐந்து மீட்டர் நீள ஒயர் ஒன்று, இரண்டு முனையிலும் முதலைக் கிளிப்போடு. பேட்டரியிலிருந்து டேங்க் வரை எட்ட வேண்டும். குட்டை ஒயரை வைத்துக்கொண்டு பாதி வேலையில் தவிக்காதீர்கள்.

12 வோல்ட், 3.4 வாட் மீட்டர் பல்பு ஒன்று, ஹோல்டரோடு. இது எதற்கு என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன். இது இல்லாமல் செய்துதான் பலர் நல்ல மீட்டரைக் கருக்கியிருக்கிறார்கள்.

இவற்றோடு உப்புத்தாள், கம்பி பிரஷ், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, ஒரு சின்ன நோட்டு.

2. என்ன மாதிரித் தப்பு என்று எழுதி வையுங்கள்

“மீட்டர் வேலை செய்யலை” என்று சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. எப்படி வேலை செய்யவில்லை என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

முள் எப்போதும் காலியிலேயே கிடக்கிறதா? எப்போதும் ஃபுல்லிலேயே நிற்கிறதா? ஃபுல் அடித்தாலும் முக்காலுக்கு மேல் ஏறவில்லையா? அரையில் வந்ததும் பொத்தென்று விழுந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் திரும்ப எழுகிறதா? இண்டிகேட்டர் போட்டால் முள் துடிக்கிறதா? டெம்பரேச்சர் முள்ளும் கூடவே தப்பாகக் காட்டுகிறதா?

இதைச் சமதரையில் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் மலை. ஜமுனாமரத்தூர் ஏறும்போது டீசல் முழுக்க டேங்கின் பின்பக்கம் ஒதுங்கும், இறங்கும்போது முன்பக்கம். மிதவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து முள் ஏறும், இறங்கும். அது கோளாறு ஆகாது.

சாவியைத் திருப்பியதும் முள்ளைப் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. பழைய மீட்டர்கள் பலவற்றில் உள்ளே ஒரு பட்டை சூடாகி வளைந்துதான் முள்ளைத் தள்ளும். அது நிலைக்கு வர ஒரு நிமிஷம் ஆகலாம். ஒரு நிமிஷம் பொறுத்துப் பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஃப்யூஸ், மற்ற முட்கள்

சீக்கிரம் முடிகிற படி. மீட்டர் போர்டு ஃப்யூஸைக் கழற்றி, இரண்டு காலையும் துடைத்துத் திரும்பச் செருகுங்கள்.

டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாக இருந்தால் டேங்க் பக்கமே போகாதீர்கள். இரண்டுக்கும் பொதுவானது மீட்டர் போர்டுக்கு வரும் கரண்டும் அதன் எர்த்தும்தான். பழைய வண்டிகள் சிலவற்றில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போர்டுக்குப் பின்னால் இருக்கும். அது கெட்டால் இரண்டு முள்ளும் ஒரே திசையில் தப்பு சொல்லும். அதை மாற்றினால் வேலை அங்கேயே முடிந்தது.

4. எர்த்: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்த ஒரு படியில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் வீண் இல்லை.

டேங்க் யூனிட் என்பது டீசல் மட்டத்துக்கு ஏற்ப ஓம் மாறும் ஒரு ரெசிஸ்டர். மீட்டர் அந்த ஓமைத்தான் படிக்கிறது. எர்த்தில் துரு ஏறினால் அந்தத் துருவுக்கும் சில ஓம் உண்டு. மீட்டருக்கு இரண்டும் வேறு வேறு என்று தெரியாது, கூட்டித்தான் படிக்கும். காலியில் ஓம் அதிகம், ஃபுல்லில் குறைவு என்று அமைந்த வண்டியில் இதனால் முள் எப்போதும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஃபுல் அடித்தும் முக்கால் என்றால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் போக வேண்டும். இண்டிகேட்டர் போடும்போது முள் துடித்தால் சந்தேகமே வேண்டாம்: பின்விளக்கும் டேங்க் யூனிட்டும் ஒரே எர்த்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அந்த எர்த் சரியில்லை.

கணியம்பாடிப் பக்கம் ஒரு தம்பி கூப்பிட்டான். “அண்ணே, புது யூனிட் போட்டும் முள் அரைக்கு மேல ஏறலண்ணே.” போய்ப் பார்த்தேன். டேங்க் கீழே செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. பழைய யூனிட் ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். இரண்டையும் ஓம் பார்த்தேன். இரண்டுமே நன்றாக இருந்தன. “எப்ப இருந்துப்பா இப்படி?” என்றால், “எஃப்.சி.க்குப் போயிட்டு வந்ததுல இருந்து” என்றான்.

அப்புறம் என்ன தேட வேண்டும்? எஃப்.சி.க்காக, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்காக, சேஸ் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எர்த் ஒயரைக் கழற்றிவிட்டுப் பெயிண்ட் அடித்து, காய்ந்த பெயிண்ட் மேலேயே வளையத்தை வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். வளையத்தைக் கழற்றினால் அடியில் பெயிண்ட் பளபளவென்று இருந்தது, உலோகம் ஒரு குன்றிமணி அளவுகூடத் தெரியவில்லை. போல்ட்டின் மரை வழியாகத்தான் கொஞ்சம் எர்த் போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு முறுக்கினோம். முள் ஏறியது.

எஃப்.சி. பெயிண்டுக்குப் பின் ஆரம்பித்த கோளாறு எதுவானாலும் முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

சோதிக்கும் முறை இது. சாவியை ஆன் செய்யுங்கள். ஐந்து மீட்டர் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறு முனையை டேங்க் யூனிட்டின் எர்த் ஒயரில் வையுங்கள். ஒரு நிமிஷம் பாருங்கள். முள் சரியான இடத்துக்கு நகர்ந்தால் எர்த்தான் குற்றவாளி. வேறு எதையும் தேட வேண்டாம்.

அளந்து பார்க்க விரும்பினால் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை யூனிட்டின் எர்த் முனையில். யூனிட்டின் ஒயர்களைச் செருகும் கப்ளர் மாட்டியே இருக்க வேண்டும், சாவி ஆன், ஹெட்லைட் ஆன். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது: எர்த்தை ஓம் வைத்து மட்டும் பார்த்துவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று போய்விடுவது. கரண்ட் ஓடாதபோது சரியாகத் தெரியும் எர்த், விளக்கெல்லாம் எரியும்போது தடுமாறும். அதனால்தான் ஹெட்லைட்டைப் போட்டு வோல்ட்டில் பார்க்கச் சொல்கிறேன்.

5. மீட்டர் நல்லதா என்று பாருங்கள்

டேங்க் யூனிட்டின் கப்ளரைப் பிரியுங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஒயர் இருக்கும்: ஒன்று மீட்டருக்கு, ஒன்று எர்த், மூன்றாவது இருந்தால் டீசல் குறைந்தால் எரியும் விளக்குக்கு. பெட்ரோல் வண்டியில் டேங்குக்குள்ளேயே பம்ப் இருந்தால் அதற்கு 12 வோல்ட் வரும் தடித்த ஒயரும் இருக்கும். அதைத் தொடவே கூடாது.

கப்ளரைப் பிரித்து, சாவி ஆன் செய்து, முள் எந்தக் கடைசிக்குப் போகிறது என்று குறியுங்கள். பிறகு மீட்டருக்குப் போகும் ஒயரை அந்த 3.4 வாட் பல்பு வழியாக எர்த் செய்யுங்கள். முள் எதிர்க் கடைசியைப் பார்த்து நகர வேண்டும். முள் நகராமல் போர்டில் டீசல் விளக்கு எரிந்தால் நீங்கள் தொட்டது விளக்கு ஒயர். பயமில்லை, அடுத்ததைப் பாருங்கள்.

நேராக எர்த் செய்தால் மீட்டரின் உள்பட்டையில் அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடும், சில விநாடிக்கு மேல் வைத்தால் கருகிவிடும். நடுவில் பல்பு இருந்தால் அது கரண்டைக் கட்டுப்படுத்தும். பல்பு இல்லாமல் ஒயரைச் சேஸில் முறுக்கிவிட்டு, முன்னால் நடந்து போய் முள்ளைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உதவிக்கு ஆள் ஒருவரைச் சீட்டில் உட்கார வைத்து, முள் நகர்ந்ததும் குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

கப்ளர் பிரிந்தால் சில வண்டியில் முள் காலிக்குப் போகும், சில வண்டியில் ஃபுல்லுக்குப் போகும். எது எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை. இரண்டு கடைசிக்கும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. நகர்ந்தால் மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது. ஏழாம் படிக்குப் போகலாம்.

6. முள் நகரவில்லை என்றால்

மீட்டர் போர்டைக் கழற்றி, அதே ஒயரைப் போர்டு பக்கத்திலிருந்து அதே பல்பு வழியாக எர்த் செய்யுங்கள். அங்கே நகர்ந்தால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. கேபினிலிருந்து சேஸுக்கு இறங்கும் இடத்திலும், பாடி கட்டும்போது வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலும் முதலில் தேடுங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் மீட்டர்தான்.

காயலான் கடையிலிருந்து பழைய போர்டு வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. மீட்டரும் டேங்க் யூனிட்டும் ஜோடி. உலகத்தில் 240 ஓம் காலி, 33 ஓம் ஃபுல் என்று ஒரு வகை உண்டு. 10 ஓம் காலி, 180 ஓம் ஃபுல் என்று நேர் எதிரான வகையும் உண்டு. வகை மாறினால் டேங்க் காலியாக ஆக முள் ஃபுல்லை நோக்கி ஏறும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது, ஸ்க்ரூ ஓட்டை பொருந்துகிறது என்று வாங்கிவிடாதீர்கள். உங்கள் வண்டியின் மாடலும் வருஷமும் சொல்லி வாங்குங்கள்.

7. டேங்க் யூனிட்டை வெளியிலிருந்தே அளப்பது

சாவி ஆஃப், கப்ளர் பிரிந்தே இருக்கட்டும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். வரும் அளவு முனை ஒயர்களுடையது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு யூனிட்டின் மீட்டர் முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் அளங்கள்.

அளந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் பின்பாடியைப் பிடித்து வண்டியை ஆட்ட வேண்டும். உள்ளே டீசல் அலையும், மிதவை ஏறி இறங்கும், ஓம் மெதுவாகக் கூடிக் குறைய வேண்டும். நடுவில் அளவே இல்லாமல் போய்த் திரும்ப வந்தால் உள்ளே ரெசிஸ்டர் தடம் தேய்ந்திருக்கிறது. அரையில் பொத்தென்று விழும் முள்ளுக்குக் காரணம் இதுதான். எவ்வளவு ஆட்டினாலும் அளவு அசையவே இல்லை என்றால் மிதவைக் கை சிக்கியிருக்கலாம், மிதவை மூழ்கியிருக்கலாம்.

இப்போதுதான் டேங்கைத் திறக்கக் காரணம் கிடைத்திருக்கிறது.

8. திறப்பதற்கு முன்

“டீசல்தானே, பெட்ரோல் மாதிரி பத்திக்காது” என்று நம் ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1460 கேட்கும் குறைந்தபட்ச ஃப்ளாஷ் பாயின்ட் 35 டிகிரிதான். அதாவது அந்தச் சூட்டிலேயே, நெருப்புக் காட்டினால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பலாம். வேலூர்க் கத்திரி வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெயிலில் நின்ற டேங்க் அதைவிடச் சூடாக இருக்கும். அதனால் காலையில், நிழலில், திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சிகரெட், பக்கத்தில் வெல்டிங் எதுவும் கூடாது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

டீசலைக் கால் டேங்குக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். டீசல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.83 கிலோ, 40 லிட்டர் என்றால் 33 கிலோ டேங்கின் எடையோடு சேர்ந்து உங்கள் நெஞ்சுக்கு நேராகத் தொங்கும். சேஸ் பக்கவாட்டில் டேங்க் இருக்கும் வண்டியில் மேலிருந்தே யூனிட்டைக் கழற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் டேங்கை இறக்கவே வேண்டாம்.

யூனிட்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் மண்ணை பிரஷ்ஷால் நன்றாகத் துடைத்து எடுத்த பிறகே ஸ்க்ரூவில் கை வையுங்கள். உள்ளே விழும் மண் நாளைக்கு ஃபில்டரை அடைக்கும். யூனிட்டின் மேல்தட்டும் டேங்கும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். திரும்ப வைக்கும்போது திசை மாறினால் மிதவைக் கை டேங்கின் சுவரில் இடிக்கும்.

9. கையில் எடுத்த பிறகு

வளைக்காமல், சாய்த்துச் சாய்த்து எடுங்கள். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டால் டீசல் புகுந்திருக்கிறது.

மிதக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் வாளியில் போடாதீர்கள். டீசல் தண்ணீரைவிட லேசு. கொஞ்சம் டீசல் குடித்த மிதவை தண்ணீரில் மிதக்கும், டேங்கில் மூழ்கும். டீசலில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் மிதவையைப் பசை போட்டு ஒட்டி நான் பார்த்த எதுவும் நிலைக்கவில்லை. மாற்றுங்கள்.

யூனிட்டை ஓமில் மாட்டி, மிதவைக் கையை மெதுவாகக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள். தடத்தில் அழுக்கு மட்டும் என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஓட்டினால் சரியாகும். உப்புத்தாளைத் தடத்தில் வைக்கவே கூடாது. எர்த் போல்ட்டுக்கு நல்லது செய்த அதே தாள் இங்கே மெல்லிய தடத்தைச் சுரண்டி, யூனிட்டையே தூக்கிப்போட வைத்துவிடும்.

மிதவையும் தடமும் நன்றாக இருந்தும் முள் தப்பு என்றால் டேங்கின் அடியைத் தடவிப் பாருங்கள். பள்ளிகொண்டாவில் என்னை நிறுத்தியது அதுதான். மலைப் பாதையில் கல் அடித்து அடிப்பக்கம் உள்வாங்கியிருந்தது. அந்த மேட்டில் மிதவை உட்கார்ந்துகொண்டு அதற்குக் கீழே இறங்கவில்லை. அதனால்தான் டேங்க் வற்றியும் முள் கால் டேங்கிலேயே நின்றது. இதற்கு யூனிட் மாற்றிப் பயனில்லை. டேங்க்தான் மாற வேண்டும். பயன்பட்ட டேங்கை நெருப்பு வைத்து நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

10. திரும்ப மாட்டுவது

புது யூனிட்டாக இருந்தால் டேங்குக்குள் வைப்பதற்கு முன் வெளியிலேயே கப்ளரில் மாட்டி, யூனிட்டின் உடம்பை எர்த் செய்து, பேட்டரியை இணைத்து, மிதவைக் கையை நகர்த்தி முள்ளைப் பாருங்கள். டேங்கைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். ஓட்டையை மூடிவிட்டுச் செய்யுங்கள். இந்த ஐந்து நிமிஷத்தைச் சோம்பலால் விட்டவர்கள் இரண்டாம் தடவை டேங்கை இறக்கியிருக்கிறார்கள்.

பேக்கிங் புதிதாகப் போடுங்கள். சாதாரண சிலிகான் பசை டீசலில் ஊறிக் கழன்றுவிடும். ஸ்க்ரூக்களை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் தட்டு வளைந்து, ஃபுல் அடிக்கும் அன்றைக்குக் கசியும்.

11. ஐந்து லிட்டர் கணக்கு

மாட்டியதோடு வேலை முடியவில்லை. டேங்கின் வடிவம் மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் முள் காட்டும் அரை, உண்மையில் அரை டேங்காக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அளந்தால்தான் தெரியும்.

கூட்டம் இல்லாத நேரத்தில், தரை சமமாக உள்ள பங்குக்கு, ஏறக்குறைய வற்றிய டேங்கோடு போங்கள். ஐந்து ஐந்து லிட்டராகப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் நாசிலை எடுத்த பிறகு சாவியைத் திருப்பி, ஒரு நிமிஷம் பொறுத்து, முள் நிற்கும் இடத்தை நோட்டில் படமாகப் போடுங்கள். பங்க் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் முகம் சுளிக்க மாட்டான்.

மிதவைக் கையைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தால், ஃபுல் பக்கத்தைச் சரிபார்க்காதீர்கள், காலிப் பக்கத்தைச் சரிபாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளைத்தாலே முள் நன்றாக நகரும். ஃபுல்லில் முள் ஒரு கோடு தள்ளி நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. முள் காலியைத் தொடும்போது டேங்கில் ஐந்து லிட்டராவது இருக்க வேண்டும், அந்த அளவுக்கு வையுங்கள்.

அந்தப் படத்தை ஓர் அட்டையில் எழுதி, ஓட்டுபவர் பக்க சன் வைசருக்குப் பின்னால் செருகி வையுங்கள். எண்ணோடு எழுதுங்கள்: இந்தக் கோட்டில் 10 லிட்டர், இதில் 15 என்று. என் வண்டியில் முள் கால் கோட்டைத் தொடும்போது 12 லிட்டர் இருக்கும் என்று எழுதியிருக்கிறது. டிரைவர் மாறினாலும் அட்டை மாறவில்லை.